யாருடைய தலைக்கு?

கஞ்சாவைப் பற்றித் தமிழில் பெரும்பாலும் இரண்டு குரல்களே கேட்கின்றன. அது குடியைக் கெடுக்கும் போதை, தொட்டவன் உருப்படமாட்டான் என்பது ஒரு குரல். அது முன்னோர் அறிந்த மூலிகை, அருமை தெரியாமல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்பது மற்றொரு குரல். முதற்குரல் மேடைகளிலும் பள்ளி இறைவணக்கக் கூட்டங்களிலும் ஒலிக்கிறது. இரண்டாவது குரல் தேநீர்க் கடைகளிலும், இலக்கியக் கூட்டம் கலைந்தபின் நீளும் இரவு அரட்டைகளிலும், இப்போது கைப்பேசித் திரைகளிலும் ஒலிக்கிறது. அண்மைக் காலமாக இந்த இரண்டாவது குரலோடு ஒரு வாதம் சேர்ந்துகொண்டுள்ளது: ஒற்றைத் தலைவலிக்குக் கஞ்சா கைகண்ட மருந்து என்பது அது.

இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று மறுத்தாலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் செடியைப் பற்றியே பேசுகின்றன. செடி போய்ச் சேரும் தலையைப் பற்றிப் பேசுவதில்லை. அது வலிப்பு நோய் உள்ள தலையா, ஒருமுறை பக்கவாதம் கண்ட தலையா, மனச்சிதைவு நோய் வழிவழியாக வரும் குடும்பத்தில் பிறந்தவரின் தலையா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே. அக்கேள்விக்கு நோயாளி வாய்திறந்து விடை சொல்ல முடியாதபடி நம் வீடுகளையும் மருத்துவ அறைகளையும் நாம் அமைத்து வைத்திருக்கிறோம். இவ்விரண்டையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் மருத்துவர் அல்லர்; தமிழ் கற்பிப்பவர். மருந்து சொல்வது நம் வேலையன்று. ஆயினும் சொல்லப்படாமல் போகும் சொற்களைப் பற்றிப் பேச இலக்கிய வாசகர்களுக்கும் உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

*

முதலில் நோயின் பெயர். கிரேக்க மருத்துவர் காலன் இதனை 'ஹெமிக்ரேனியா' என்றார். பாதி மண்டை என்பது பொருள். அச்சொல்லே தேய்ந்து பிரெஞ்சில் 'மிக்ரேன்' ஆகி, ஆங்கிலத்தில் 'மைக்ரேன்' ஆயிற்று. வடமொழி மருத்துவ நூல்கள் 'அர்த்தாவபேதகம்' என்றன, அங்கும் பாதிதான். நாம் 'ஒற்றைத் தலைவலி' என்கிறோம். தொலைவிலுள்ள மூன்று மரபுகளும் ஒரே அடையாளத்தைப் பற்றிக்கொண்டு பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது. ஆனால் மூன்று பெயர்களுமே நோயைச் சற்றுக் குறைத்துக் காட்டுகின்றன. வலி இரு பக்கமும் வரலாம். வலி இந்நோயின் ஒரு பகுதி மட்டுமே.

வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் எழுதிய நோயுறுதல் பற்றிய கட்டுரையில், ஹாம்லெட்டின் சிந்தனைகளையும் லியரின் துயரையும் சொல்லத் தெரிந்த ஆங்கில மொழி, சாதாரணத் தலைவலியைச் சொல்ல முனைந்தால் வறண்டுவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார். தமிழும் இதற்கு விலக்கன்று. நம்மிடம் 'விண்விண்ணென்று தெறிக்கிறது', 'மண்டையைப் பிளக்கிறது' என்னும் தொடர்கள் உண்டு. ஈழத்தில் 'தலையிடி' என்னும் வலுவான சொல் உண்டு. அதற்குமேல் மொழி நகர்வதில்லை. அதனால்தான் தொல்லை தரும் ஆளையும் தீராத வழக்கையும் 'தலைவலி' என்று சொல்லிவிட்டு, உண்மையில் தலைவலிப்பவரிடம் "தைலம் தேய்த்துக்கொண்டு படு" என்று நகர்ந்துவிடுகிறோம்.

உலக மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு இந்நோய் உண்டு; ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு தாக்குதல் நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கலாம். குமட்டும், வெளிச்சம் உறுத்தும், ஓசை குத்தும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணுக்கு முன்னால் கோட்டை மதில்போல வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றும். 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடெஸ் லேயாவோ, மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு மெல்ல ஊர்ந்து செல்லும் ஒரு மின் அடக்க அலையைக் கண்டறிந்தார். அந்த ஒளிக்கோடுகளுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய அலையே என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. லேயாவோ அந்த அலையைக் கண்டது வலிப்பு நோயைப் பற்றி ஆராயும்போதுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தலைவலியும் வலிப்பும் தொலைவுச் சொந்தங்கள் அல்ல. ஒரே தெருவில் வசிப்பவை.

*

ஒற்றைத் தலைவலிக்குக் கஞ்சா என்னும் பேச்சு நேற்றைய இணையக் கட்டுக்கதையா? அல்ல. அதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையன்று.

1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி, இந்நாட்டு மருத்துவர்களிடமும் மக்களிடமும் கேட்டறிந்ததை விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்து எழுதினார். வாதநோய், காலரா, வில்வாதம் எனப் பலவற்றுக்கு அவர் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பு கண்ட 40 நாள் குழந்தை ஒன்றுக்கும் கொடுத்தார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் இவரே. அவர் வழியாக அம்மருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. லண்டனின் புகழ்பெற்ற மருத்துவர் ஜான் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 1890இல் 'லான்செட்' இதழில், முப்பதாண்டுப் பட்டறிவின் பேரில் ஒற்றைத் தலைவலிக்கு இம்மருந்தின் பயனைப் போற்றி எழுதினார். 1892இல் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட வில்லியம் ஆஸ்லரின் மருத்துவப் பாடநூலும் ஒற்றைத் தலைவலிக்கு மிகவும் நிறைவளிக்கும் மருந்தாக இதனைக் குறித்தது. 1937இல் அமெரிக்கா கொண்டுவந்த வரிச் சட்டத்துக்குப் பிறகு இதன் பயன்பாடு சுருங்கிற்று. 1942இல் அந்நாட்டு மருந்து நூலிலிருந்தே நீக்கப்பட்டது.

மூலிகைக் குரலினர் ரெனால்ட்ஸின் பெயரை அடிக்கடி சொல்வார்கள். அவர் சொன்னதன் மறுபாதியைச் சொல்லமாட்டார்கள். செடிக்குச் செடி வீரியம் மாறுகிறது, ஆளுக்கு ஆள் உடல் மாறுகிறது, ஆகவே மிகச் சிறிய அளவில் தொடங்கி மிகுந்த கவனத்தோடு கொடுக்க வேண்டும் என்பதே அவர் கட்டுரையின் முதுகெலும்பு. நாட்பட்ட உண்மையான வலிப்பு நோய்க்கு இது பயன்படவில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார். ஒரே மருத்துவர், ஒரே மருந்து. ஒரு தலைக்கு ஆம், மற்றொரு தலைக்கு இல்லை.

அண்மைக் கால அறிவியலும் இவ்வாறே பேசுகிறது. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய கூட்டாளியும் கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை அறுதியிட்டனர். 1992இல் மெக்கூலமின் குழு, மூளையே அதனை ஒத்த பொருளொன்றைச் சுரக்கிறது என்று கண்டது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஆனந்தமைடு'. 'ஆனந்தம்' என்னும் நமக்குப் பழகிய சொல் ஜெருசலேம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலக்கூறுக்குப் பெயராயிற்று. வலி, பசி, உறக்கம், நினைவு ஆகியவற்றைச் சமன்செய்யும் ஓர் அமைப்பின் உறுப்பு அது. கஞ்சா நம் தலைக்குள் நுழைந்து ஏதோ புதுக்கதவைத் திறப்பதில்லை; முன்பே உள்ள பூட்டுகளில் பொருந்தும் திறவுகோலாக வருகிறது. பூட்டு பழுதுபட்டிருந்தால் என்னவாகும் என்பதே கேள்வி.

2024இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவர்கள், வெற்று மருந்தோடு ஒப்பிட்டு முறையாகச் செய்த ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டனர். அதில் பங்கேற்றவர்கள் 92 பேர். டி.எச்.சி.யும், போதை தராத சி.பி.டி.யும் கலந்த ஆவியை உள்ளிழுத்தபோது இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 67 விழுக்காட்டுத் தாக்குதல்களில் வலி தணிந்தது. வெற்று ஆவியில் ஏறத்தாழ 47 விழுக்காடு. இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. வலி தணியும் என்பதில் உண்மை இருக்கிறது. அதே வேளையில், வெற்று ஆவியிலும் ஏறத்தாழ பாதித் தாக்குதல்கள் தணிந்தன என்பதையும், இது அளந்து கொடுக்கப்பட்ட மருந்து, எண்ணிச் சில தடவைகள் மட்டும் தரப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. தெருமுனைப் பொட்டலத்தில் எத்தனை விழுக்காடு டி.எச்.சி. என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் காவலர் கைப்பற்றிய கஞ்சாவில் 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி., 2014இல் 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆஸ்லர் காலத்துச் சாற்றைப் பற்றிய சான்றைக் கொண்டு இன்றைய பொட்டலத்துக்கு வாதாடுவது, கள்ளைப் பற்றிய சான்றைக் காட்டிச் சாராயத்துக்கு வாதாடுவது போன்றது.

*

போதலேர் 1860இல் வெளியிட்ட 'செயற்கைச் சொர்க்கங்கள்' என்னும் நூலை நம் இலக்கிய நண்பர்கள் சிலர் கஞ்சாவுக்கான சான்றிதழாகக் காட்டுவதுண்டு. நூலைப் படித்தவர்களுக்கு அது அதன் நேரெதிர் என்று தெரியும். மனிதனிடம் இல்லாத எதையும் அந்தப் பசை தருவதில்லை, இருப்பதையே பெருக்கிக் காட்டுகிறது என்பதும், அதற்கு விலையாக மனவுறுதியைப் பறித்துக்கொள்கிறது என்பதும் அவர் வந்து சேர்ந்த முடிவு. கவிஞர் கற்பனையைக் குறித்துச் சொன்ன இந்தக் கருத்து நோய்க்கும் ஓரளவு பொருந்துகிறது. தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் கஞ்சா பெருக்கக்கூடும். அல்லது, அதைவிட மோசமாக, மறைக்கக்கூடும்.

வலிப்பு நோயை எடுத்துக்கொள்வோம். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கஞ்சாச் செடியிலிருந்து தூய்மையாகப் பிரித்த சி.பி.டி. மருந்துக்கு, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்காக ஒப்புதல் அளித்தது. மூலிகைக் குரலினர் இதனை வெற்றிக் கொடியாகப் பிடிக்கின்றனர். ஆனால் அம்மருந்தின் எச்சரிக்கைத் தாளைப் பாருங்கள். வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தோடு சேரும்போது கல்லீரல் நொதிகள் உயரலாம். ஆகவே குருதிச் சோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். குளோபஜாம் என்னும் மருந்தோடு சேரும்போது அதன் விளைபொருள் உடலில் பெருகி அளவுமீறிய உறக்கத்தைத் தரலாம். இவ்விரண்டும் நம் ஊர்களில் வலிப்பு நோயாளிகள் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகள். வால்ப்ரோயேட் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் தரப்படுவது. இன்று இந்தியாவில் கஞ்சா இலைச் சாறு 'விஜயா' என்னும் பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு எண்ணெயாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. அதை வாங்கும் ஒருவர் தம் நரம்பியல் மருத்துவரிடம் அதைச் சொல்கிறாரா? அவர் மருந்துச் சீட்டில் அதற்கென ஒரு வரி இருக்கிறதா?

அடுத்தது குருதி நாளங்கள். ஒளிக்கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் குருதி அடைப்பால் வரும் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இளவயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை, அறிந்திருக்க வேண்டும். கஞ்சா நெஞ்சுத் துடிப்பை விரைவுபடுத்துகிறது; குருதி அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. மூளை நாளங்கள் திடீரெனச் சுருங்கி, பின்னர் விரியும் நிலை ஒன்றுண்டு. அதைத் தூண்டக்கூடியவற்றின் பட்டியலில் கஞ்சாவும் இடம்பெறுகிறது. அந்நிலையின் அடையாளம் இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடும் தலைவலி. "எனக்கு வழக்கமாக வரும் தலைவலிதான்" என்று நினைத்து ஒருவர் அதற்கும் கஞ்சாவையே புகைத்தால், தீயை அணைக்க எண்ணெயைத் தேடுபவராகிறார்.

மூன்றாவது மனச்சிதைவு. 1987இல் ஸ்வீடன் நாட்டில் 45,000க்கும் மேற்பட்ட படைப்பயிற்சி இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் பின்னாளில் மனச்சிதைவு ஏறத்தாழ ஆறு மடங்கு காணப்பட்டது. இதில் காரணம் எவ்வளவு, கூட்டு நிகழ்வு எவ்வளவு என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் கஞ்சா ஆகாது என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை.

இறுதியாக, தலைவலியே தலைவலியை வளர்க்கும் விந்தை. வலி மருந்துகளை மாதத்தில் பத்துப் பதினைந்து நாட்களுக்குமேல் தொடர்ந்து உட்கொண்டால், அம்மருந்தே தலைவலியை அன்றாட நோயாக்கிவிடும் என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2021இல் முன்வைத்த ஆய்வில், நாட்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 368 பேரில், கஞ்சா பயன்படுத்துபவர்களிடம் இத்தகைய மருந்துத் தலைவலி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. எது முந்தியது என்பதை அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆயினும் கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்தியவர் நிறுத்தும்போது தலைவலி, வியர்வை, நடுக்கம், உறக்கமின்மை, எரிச்சல் ஆகியவை வரலாம் என்பது உளநோய் மருத்துவக் கையேடுகளில் பதிவாகியிருக்கிறது. நிறுத்தினால் வலிக்கிறது, புகைத்தால் தணிகிறது. ஆகவே இது மருந்து என்று நோயாளி நம்புகிறார். அவர் தணிப்பது அதே புகை கொண்டுவந்த வலியையாகவும் இருக்கலாம்.

*

இங்கே நாம் அறிந்த ஒன்றைச் சொல்கிறோம். எழுதுவதற்கு உரியவரின் ஒப்புதல் உண்டு, அடையாளங்களை நீக்கியிருக்கிறோம். நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவருக்குச் சிறுவயது முதல் வலிப்பு. மாத்திரையால் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்தது. அதோடு ஒற்றைத் தலைவலியும் உண்டு. விடுதியில் நண்பர்கள் கஞ்சாவைக் கொடுத்தார்கள். தலைவலி குறைந்தது. பிறகு நாள்தோறும் ஆயிற்று. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனார். ஊரில் கஞ்சா இல்லை. இரண்டாம் நாள் முதல் தலைவலி, வியர்வை. மூன்று இரவுகள் உறக்கமில்லை. நான்காம் நாள் காலை, பல ஆண்டுகளுக்குப் பிறகு வலிப்பு வந்தது. உறக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது அந்நோய் உள்ள எல்லோருக்கும் தெரிந்த பாடம். மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். வலிப்பு மீண்டதற்குக் காரணம் புலப்படாத நிலையில் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கிடைத்த செய்தியை வைத்து அவர் செய்தது சரியே. கிடைக்க வேண்டிய செய்திதான் கிடைக்கவில்லை.

"ஏன் தம்பி டாக்டரிடம் சொல்லவில்லை?" என்று பின்னொரு நாள் கேட்டோம்.

"அப்பா பக்கத்துல உக்காந்திருந்தார் சார்" என்றார்.

இந்த ஒரு வரிதான் நம்மை இக்கட்டுரையை எழுதவைத்தது. அந்த அறையில் அறிவுக்குக் குறைவில்லை. கற்றறிந்த மருத்துவர் இருந்தார். அன்புள்ள தந்தை இருந்தார். நிகழ்ந்தது அனைத்தையும் அறிந்த நோயாளி இருந்தார். மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தும், வேண்டிய சொல் மட்டும் மேசைக்கு வரவில்லை. போதை என்னும் முதற்குரல் அந்தப் பிள்ளையின் வாயை அடைத்தது. மூலிகை என்னும் இரண்டாம் குரல், இது சொல்லத் தேவையில்லாத சின்னச் சங்கதி என்று அவரை நம்பவைத்தது. இரண்டு குரல்களும் சேர்ந்துதான் மாத்திரையின் அளவைக் கூட்டின.

*

இத்தகைய தவறான பதிவு நமக்குப் புதிதன்று. 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மனநோய் மருத்துவமனைகள் கஞ்சாவால் பைத்தியமானவர்களால் நிறைந்திருக்கின்றன என்பது அக்காலத்துப் பரவலான நம்பிக்கை. ஆணையம் அம்மருத்துவமனைப் பதிவேடுகளையே எடுத்துப் பார்த்தது. நோய்க்குக் காரணம் என்னும் இடத்தில் 'கஞ்சா' என்று எழுதியவை பலவும், நோயாளியை அழைத்துவந்த காவலரின் சொல்லைக் கேட்டு, விசாரணையின்றி எழுதப்பட்டவை என்று கண்டது. அதன் முடிவு நிதானமானது. அளவான பயன்பாடு பெரும்பாலோருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. அளவுமீறிய பயன்பாடு தீங்கு செய்கிறது. குறிப்பாக மனத்தளர்ச்சியோ வழிவழி வந்த நோய்ச்சார்போ உள்ளவர்களிடத்தில் அது மனநோயைத் தூண்டக்கூடும். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த அறிக்கையை இன்று தடைக்கு எதிராக வாதாடுவோர் மேற்கோள் காட்டுகின்றனர். அவர்கள் காட்டுவது முதற்பகுதியை. 'குறிப்பாக' என்று தொடங்கும் இறுதிப் பகுதி எவர் கண்ணிலும் படுவதில்லை. யாருடைய தலை என்னும் கேள்வி அதிலேதான் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவை உட்கொள்வதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். அதே சட்டத்தில் 64அ என்னும் பிரிவும் உண்டு: தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைநோயாளியை வழக்கிலிருந்து விடுவிக்க அது வழிசெய்கிறது. முதற்செய்தி சுவர்தோறும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதை எந்தக் கல்லூரிச் சுவரிலும் நாம் பார்த்ததில்லை. கல்லூரிகளில் ஆண்டுதோறும் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். நூறு பிள்ளைகள் கையை நீட்டி ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு அந்த உறுதிமொழி சொல்லித்தருவது ஒன்றே: வாயைத் திறக்காதே.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதா வேண்டாமா என்பது பெரிய வாதம். அதற்கு இங்கே இடமில்லை. அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை சில உண்டு. தலைவலியோடோ வலிப்போடோ வரும் இளையவரை மருத்துவர் ஐந்து நிமிடமேனும் தனியாகப் பார்க்கலாம். "வேறு என்னென்ன மாத்திரை, எண்ணெய், புகை எடுத்துக்கொள்கிறீர்கள்? உங்களுக்கு மருந்து கொடுக்கத்தான் கேட்கிறேன்" என்று முகம் மாறாமல் கேட்கலாம். பெற்றோர் எழுந்து வெளியே செல்லலாம். அது தோல்வியன்று, அந்த அறையில் அவர்களால் ஆகக்கூடிய பெரிய உதவி. ஆசிரியராகிய நாம் நமக்குத் தெரியவந்ததைத் துறைத்தலைவரிடம் ஓடிச் சொல்லுமுன் மருத்துவரிடம் போகத் துணைசெய்யலாம். நோயாளி தம் தலைவலி நாட்களையும், அன்று உட்கொண்டவை அனைத்தையும், உறங்கிய நேரத்தையும் ஒரு சிறு நாட்குறிப்பில் எழுதி வரலாம். ஏற்கெனவே நாள்தோறும் பயன்படுத்துபவர் எவரிடமும் சொல்லாமல் திடீரென நிறுத்துவதும், வலிப்பு மாத்திரையைத் தாமாகக் கூட்டிக் குறைப்பதும் கூடாதவை.

சில தலைவலிகளுக்கு நாட்குறிப்பும் காத்திருத்தலும் ஆகா. ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் தளர்ந்தோ பேச்சுக் குழறியோ வரும் வலி, வலிப்போடும் தலையில் அடிபட்ட பிறகும் வரும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவமனை ஒன்றே வழி. இவற்றுக்குச் செடியும் தைலமும் மட்டுமல்ல, வீட்டிலுள்ள வலி மாத்திரையும் விடையன்று.

ஆலிவர் சாக்ஸ் 1970இல் ஒற்றைத் தலைவலியைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அந்நூலில் மருந்துப் பட்டியலைவிட மனிதர்களே மிகுதி. ஒவ்வொரு நோயாளியின் தலைவலியும் அவர் வாழ்க்கையோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்று கேட்டுக்கேட்டு எழுதியிருக்கிறார். நாவலையும் சிறுகதையையும் விரும்பிப் படிக்கும் நாம் மாந்தர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிய விரும்புகிறோம்; பொதுப்படையாகப் பேசும் கதையைப் புறந்தள்ளுகிறோம். மருந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் 'செடி நல்லது', 'செடி கெட்டது' என்னும் பொதுப்பேச்சோடு நிறைவடைந்துவிடுகிறோம்? அடுத்தமுறை நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார, மற்றொருவர் பொட்டலத்தை நீட்டினால், அறிவுரை சொல்லவும் வேண்டாம், சரித்திரம் சொல்லவும் வேண்டாம். "உனக்கு வேறு என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியை நண்பர்கள் கேட்டுப் பழகினால், அதே கேள்வியை மருத்துவர் கேட்கும் நாளில் விடை சொல்ல நாவெழும்.